வாரிய மணலில் போகிறவர்கள்

ரீகா என்கிற தலைநகரத்தைப் பார்த்து முடித்தவர்களுக்கு லத்வியா என்கிற அந்தச் சின்ன நாட்டில் பார்க்க மிச்சமிருந்தது மரமும் தண்ணீரும் வானமும்தான்; அதைக் காட்டுவதற்கென்றே நிரோஜன் ஒரு வேன் வைத்திருந்தான். இலங்கையிலிருந்து படிக்க வந்தவன், படிப்பு பாதியில் நின்றுபோனவன், அதற்குள் அந்த ஊர் மொழி நாக்கில் ஏறிவிட்டதால் வண்டியோடு தங்கிவிட்டவன். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் லீவில் வருகிற எங்கட சனத்தை ஏற்றிக்கொண்டு, கோபுரங்கள் பின்னுக்குப் போய், கடைகள் பின்னுக்குப் போய், கடைசியில் வீடுகளும் பின்னுக்குப் போய், பேர்ச் மரங்கள் மட்டும் வெள்ளைக்கால் ஊன்றி ரோட்டின் இரண்டு கரையிலும் கூடவே ஓடிவருகிற கிழக்குப் பக்கமாக ஓட்டுவான். ஏரிக்கு ஏரி நிறுத்துவான். கொக்குக் கூடு கட்டிய கம்பங்களைக் காட்டுவான்.

"உதென்ன தம்பி, எங்கட இரணைமடுக் குளம் மாதிரித்தானே கிடக்கு" என்று யாராவது ஒரு ஐயா சொல்லுவார்.

"ஓம் ஐயா. ஆனா இதில முதலை இல்லை."

"சனத்தையும் காணேல்லை?"

"சனமெல்லாம் உங்கட லண்டனிலதான் ஐயா."

சிரிப்பார்கள். ஆனால் அவன் பகிடிக்குச் சொன்னதில்லை. கிழக்கே போகப்போக ஊர்கள் அப்படித்தான் இருந்தன, ஆப்பிள் பழுத்து விழுந்து புல்லுக்குள்ளேயே அழுகிக் கிடக்க, யன்னலில் பூத்தையல் போட்ட திரை தொங்க, கதவில் பூட்டுத் தொங்க. அப்படி ஊர்களுக்குள் கடைசி ஊர் எசர்கல்ஸ். ஏரி முடிகிற இடத்தில் அது. அதற்கு அங்கால் சதுப்பும், சதுப்புக்கு அங்கால் எல்லையும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். சவக்காலையில் பிரேதக்குழிகளின் மேல் வெள்ளை மணல் பரப்பி, மர வாரியால் தலைமயிர் வாருவது மாதிரி வாரிவிடுவார்கள். வாருகிறவர் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும், தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு, வாசல் படலை வரைக்கும். முடிந்து பார்த்தால் அங்கே மனிதர் யாரும் வந்துபோன அடையாளமே இருக்காது; கதிர் கதிராகக் கோடு மட்டும் இருக்கும். வாராத மணல் வீட்டுக்கு வெட்கம்.

எசர்கல்ஸில் இருந்த சனம் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் காளான் பண்ணைகளுக்கும் கோழித் தொழிற்சாலைகளுக்கும் போய் முடிந்து, கிழடுகள் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு வைகாசியில், வாரிய மணலில் அடிகள் தெரிந்தன. குழியிலிருந்து வெளியே போகிற அடிகள். பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருந்த கிழவரின் குழியிலிருந்து தொடங்கி, படலையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தில் போய் முடிந்தன. அதைப் பார்த்து ஊர் அலறவில்லை. "மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கெல்லோ, போகத்தானே வேணும்" என்று ஒருத்தி சொன்னாள். "குளிருடுப்பு இல்லாமல் போட்டுதே மனுசன்" என்று இன்னொருத்தி கவலைப்பட்டாள். கொஞ்ச நாளில் அயர்லாந்திலிருந்து மகள் போன் எடுத்து, அப்பா வந்து சேர்ந்திட்டார், அடுப்படிக் கதிரை ஆள் இருந்த மாதிரிக் கிறீச்சிடுது என்று சொன்னதும் ஊர் நிம்மதியானது.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். தன்னுடைய சனம் எங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கே செத்தவர் போவார். அவ்வளவுதான் அதன் சட்டம். பாதிரியார் முதலில் இரண்டு கிழமை யோசித்தார், பிறகு கலியாண அறிவித்தலோடு பயணம் போகிறவர்களின் பெயரையும் சேர்த்து வாசிக்கத் தொடங்கினார். பஸ் ஓட்டுகிற தொனாத்ஸ் சவக்காலைப் படலையில் நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு கிழவர் கைப்பிடியைப் பிடித்து ஏற எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பார்த்திருந்து, பிறகு மூடுவார். பஸ் ஒரு பக்கம் சரியும். "செத்தாலும் பாரம் குறையிறாங்கள் இல்லை" என்று திட்டுவார். எல்லைகள், கடல்கள், விமான நிலையங்கள் எதிலும் அவர்களை யாரும் மறித்ததாகச் செய்தி வரவில்லை. வீட்டுச் சனம் வழிச்சாப்பாடாகக் கறுத்த பாண் சுற்றிப் படலையில் வைத்தது. போகாத பிணம் இருக்கிற வீட்டுக்குத்தான் இப்போது வெட்கம். "உன்ர மனுசன் இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கடையில் கேட்பார்கள். யாசெப்ஸ் என்ற கிழவர் மான்செஸ்டரில் இருந்த தன் மனைவியிடம் போகாமல், அதே நகரத்தில் இரண்டு தெரு தள்ளி இருந்த அவளுடைய சிநேகிதியிடம் போய்ச் சேர்ந்த கதையை ஊர் ஒரு மாரிகாலம் முழுக்கச் சொல்லிச் சிரித்தது.

கடைசியில் சவக்காலையில் ஒருவன் மட்டும் மிஞ்சினான். அவனுக்கு அந்த ஊரில் பெயர் இல்லை.

அவனைக் கண்டெடுத்தவள் அந்தோனினா. பனி உருகிய பிறகு சதுப்பில் கிரான்பெரி பொறுக்கப் போனவள், பைன் மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தபடியே அவன் செத்திருந்ததைக் கண்டாள். காவலுக்கு ஒளித்து எல்லை தாண்டி வந்தவன், குளிரில் முடிந்தவன், வலது காலில் சப்பாத்து இருந்தது, இடது கால் சப்பாத்தைச் சதுப்பு வைத்துக்கொண்டது. ஊரே கூடித் தங்கள் சவக்காலையில் அடக்கி, பெயரில்லாத சிலுவை நட்டது. அவன் என்ன சாமி கும்பிட்டவன் என்று யாருக்கும் தெரியாது. சிலுவை இல்லாத குழியை எப்படி வாருவது என்றும் தெரியாது.

அவனும் எழும்பி நடந்தான். ஆனால் பஸ்ஸுக்குப் போகவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு சப்பாத்துத் தடமும் ஒரு வெறுங்கால் தடமுமாக அந்தோனினாவின் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, நின்று, திரும்பிப் போகும். அவள் அவித்த உருளைக்கிழங்கும் தயிரும் வைப்பாள். தூரத்தில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் அன்றைய தடம் ரோட்டை விட்டு விலகி, பள்ளத்தில் இறங்கி, காட்டுக்குள் போயிருக்கும். தொனாத்ஸ் அவனுக்காகவும் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார். அன்றைக்கு அவன் சதுப்பு வரைக்கும் ஓடியிருந்தான். தடங்களுக்கு நடுவே இடைவெளி அவ்வளவு நீளம்.

ஏரி பார்க்க வந்த ஒரு குடும்பத்தோடு நிரோஜன் அந்த ஊரில் நிறுத்தியபோதுதான் அந்தோனினா அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணலைக் காட்டினாள். "அவனும் உன்ர நிறம்தான்" என்றாள். "உங்கட ஆளாய் இருந்தால் கூட்டிக்கொண்டு போ. அவனுக்கு வயசு பத்தாது, இங்க கிடக்க." நிரோஜன் அந்த வெறுங்கால் தடத்தைப் படம் எடுத்து எங்கட சனம் இருக்கிற வட்ஸ்அப் குழுவொன்றில் போட்டான். இடது காலின் இரண்டாம் விரல் பெருவிரலுக்கு மேலே ஏறிக் கிடந்தது.

பாரிஸில் ஒரு கடையின் பின்பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பவளராணி அதைப் பார்த்தாள். அந்த விரல் சைக்கிள் செயினுக்குள் அகப்பட்ட நாளில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான். போன் எடுத்தபோது அவள் அழவில்லை. "என்ர தம்பி ரூபகரன்" என்றாள். "நான் வாறன், என்னை அங்க கொண்டுபோய் விடுவீரோ?"

கிளிநொச்சியில் தாய் படுக்கையில் கிடந்தா. உடம்பு எப்போதோ முடிந்துவிட்டது, டொக்டர்மார் கைவிட்டு, சொந்தக்காரர் வந்து பார்த்து, வந்தவர்கள் களைத்துத் திரும்பியும் போய்விட்டார்கள். மகன் வராமல் போகமாட்டேன் என்று தாய் வலியோடு கிடந்தா. செத்துவிட்டான் என்ற செய்தியையும், அந்த ஊரில் செத்தவர்கள் தங்கட சனத்திடம் போய்ச் சேருகிறார்கள் என்ற செய்தியையும் பவளராணி ஒன்றாகச் சொன்னபோது, கிழவி இரண்டாவதை மட்டும்தான் பிடித்துக்கொண்டா. "பிறகென்ன, வரச்சொல்லன். செத்தவனுக்கு என்ன விசா? முகத்தைப் பாக்காட்டிலும் பரவாயில்லை, காலடிச் சத்தம் கேட்டால் காணும். நான் கண்ணை மூடிடுவன்."

பவளராணி வந்து இறங்கியபோது கையில் ஒரு பைதான் இருந்தது. அதற்குள் ஒரு சோடி புதுச் செருப்பு.

"ரெண்டு காலுக்கும் வாங்கினனான்" என்றாள் வேனில் ஏறும்போது. "ஒரு காலுக்கு விக்கமாட்டாங்கள்."

எசர்கல்ஸில் அந்தோனினா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. தோளைத் தட்டினாள், உருளைக்கிழங்கு வைத்தாள், சாப்பிட்டு முடியும்வரை எதிரில் இருந்து பார்த்தாள். பிறகு நிரோஜனிடம் ஏதோ சொன்னாள்.

"என்னவாம் தம்பி?"

"உங்கட தம்பியும் இப்பிடித்தான் தயிரை மிச்சம் விடுறவராம்."

பவளராணி தயிர்க் கோப்பையை எடுத்து வழித்துக் குடித்தாள்.

சவக்காலைக்குப் போய்க் குழியின் பக்கத்தில் குந்தி, ஊரில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். "ரூபன். டேய் ரூபன். அக்கா வந்திருக்கிறன், எழும்பு. அம்மா பாத்துக்கொண்டு கிடக்கிறா." செருப்பைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பிறகு வாரியிருந்த மணலில் ஒரு சப்பாத்து பதிந்தது, பிறகு வெறுங்கால், பிறகு சப்பாத்து. அவள் முன்னுக்கு நடந்தாள். தடம் பின்னால் வந்தது. வேனின் பின்கதவை நிரோஜன் திறந்தபோது தடம் நின்றது, ஒரு அடி பின்னுக்குப் போனது. "ஏறடா, என்ர வண்டிதான்" என்று அவள் பொய் சொன்னாள். வேனின் பின்பக்கம் பாரமேறி அமிழ்ந்தது. கால்மிதியில் ஈரச் சேறு.

தலைநகரத்துக்குத் திரும்புகிற பாதை அன்றைக்கு எவ்வளவு வடிவாக இருந்தது என்று நிரோஜன் பிறகு சொல்லமுடியாமல் திணறுவான். ஏரிகளெல்லாம் வெள்ளித் தாம்பாளம் மாதிரிக் கிடந்தன. புல்லு வெட்டி உருட்டிப்போட்ட வயல்களில் கொக்குகள் ஊர்ச்சபை கூடியிருந்தன. பவளராணி பின் சீட்டில் இருந்து, பக்கத்தில் இருந்த வெறுமைக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு வந்தாள், தானும் முதல்தரம் பார்க்கிறவள் என்பதை மறந்து. "பாரடா ராசா, இது ஏரி. இதைச் சுத்தித்தானே நீ இருட்டுக்குள்ள நடந்திருப்பாய், கண்டிருக்க மாட்டாய். அங்க பார், குதிரை. அந்த வீட்டைப் பார், கூரையில புல்லு முளைச்சிருக்கு. சோக்கான நாடடா. உனக்குக் காட்டாமலே விட்டிட்டாங்கள். பார், பயப்பிடாமல் நிமிர்ந்து பார், இப்ப பகல்." கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி ஓட்டிய நிரோஜன், தான் இத்தனை பேருக்குக் காட்டிய அந்த நாட்டை அதுவரை யாருக்கும் ஒழுங்காகக் காட்டவில்லை என்று நினைத்தான். பின் சீட்டு யன்னலில், உள்ளே மூச்சுப் பட்டது போல ஒரு வட்டம் புகைத்தது. ரூபன் பார்த்துக்கொண்டு வந்தான்.

பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் எல்லைக் காவலர்களின் பச்சை ஜீப் ஒன்று நின்றது. இளம் காவலன் ஒருவன் கோப்பி குடித்துக்கொண்டு நின்றான். வேனைப் பார்த்தான், நிரோஜனை அடையாளம் கண்டு சிரித்தான், கையை உயர்த்திக் காட்டினான்.

வேன் பின்பக்கம் எழும்பியது.

கதவு திறக்கவில்லை. ஆனால் ரோட்டோரத்து மண்ணில் அடிகள் ஓடின, ஒரு சப்பாத்து, ஒரு வெறுங்கால், இடைவெளி நீண்டு நீண்டு, பள்ளத்தில் விழுந்து கையூன்றி எழும்பி, பைன் காட்டுக்குள்.

பவளராணி பின்னால் ஓடினாள். காட்டு விளிம்பில் நின்று கத்தினாள். "டேய், அவன் உன்னைப் பிடிக்க வரேல்லையடா, கோப்பி குடிக்கிறான். உன்னை ஆரும் பிடிக்க மாட்டாங்கள் ராசா. செத்த ஆக்களைப் பிடிக்கிறேல்லை. கேக்குதோ? செத்த ஆக்களைப் பிடிக்கிறேல்லை."

கோப்பியோடு நின்ற காவலன் பயந்துபோய் நிரோஜனிடம் வந்து, மனுசிக்கு என்ன, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டான். நல்ல பொடியன். அவன் கேட்கக் கேட்க அடிகள் இன்னும் உள்ளே போயிருக்கும்.

அவர்கள் எசர்கல்ஸுக்குத் திரும்பி வந்தபோது அந்தோனினாவின் வாசலில் தடம் அவர்களுக்கு முன்னமே வந்திருந்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பவளராணி கூப்பிட்டாள். மணலில் அடி விழும், படலை வரைக்கும் வரும், வேனைக் கண்டதும் திரும்பிவிடும். வேனை மறைத்து வைத்தார்கள். நடந்தே கூட்டிப்போகப் பார்த்தாள். ரோட்டில் ஒரு சைக்கிள் வந்தது, அதற்கே அவன் காட்டில் இறங்கினான்.

"எங்கட ஆக்கள் போனதுக்குக் காரணம் இருக்கு" என்றாள் அந்தோனினா, அடுப்புக்குப் பக்கத்தில். நிரோஜன் சொல்லச் சொல்லப் பவளராணி கேட்டாள். "ஒருநாளும் அவையளை ஆரும் துரத்தினதில்லை. உயிரோட பஸ் ஏறினவை, செத்தும் ஏறினவை. இவனுக்கு ரோட்டெண்டால் துரத்துவாங்கள் எண்டு ஒளிக்கிற இடம். அந்தப் பயத்தை மண்ணுக்குக் கீழயும் கொண்டுபோயிட்டான்."

"அப்ப இவவைக் கேளும் தம்பி" என்றாள் பவளராணி, "இஞ்சயே கிடக்கட்டும் எண்டு நான் விட்டால், இவ பாத்துக்கொள்ளுவாவோ எண்டு."

நிரோஜன் கேட்டான். அந்தோனினா அடுப்புக்குள் விறகு தள்ளியபடி சொன்னதை அவன் தமிழில் சொன்னான்.

"ஆவணியில செத்தவைக்கு வைக்கிற சவக்காலைத் திருநாள் முடிய இவவின்ர மகள் வாறாவாம், கூட்டிக்கொண்டு போக. மனுசன் முந்தியே போட்டார், அங்க அவரின்ர கதிரை ஆடுதாம். இவவுக்கு மாரியில தனிய விறகு வெட்ட ஏலாதாம்."

"ஊரில வேற ஆர் இருக்கினம்?"

நிரோஜன் அதை மொழிபெயர்க்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி. கடைசி அறுவடை முடிய பாதிரியாரும் வரமாட்டார். இனி ஆள் ஏறாத ஊர் என்று பஸ்ஸையும் நிறுத்தப் போகிறார்கள்.

பவளராணி எழும்பினாள். பாரிஸில் வேலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். இன்னும் ஒரு நாள் தங்கினால் கடைக்காரன் வேறு ஆளைப் பிடிப்பான். அந்தோனினாவின் மர வாரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு சவக்காலைக்குப் போனாள். செருப்புச் சோடியைச் சிலுவைக்குக் கீழே, கால் நுழைக்கத் தோதாக வைத்தாள். பிறகு வாரத் தொடங்கினாள். பழக்கமில்லாத கை, கோடுகள் கோணின. அந்தோனினா படலையில் நின்றபடி சைகை காட்டினாள், பின்னுக்கு, பின்னுக்கு, உன் காலை அழி என்று. தலைப்பேன் பார்க்கிற நிதானத்தோடு பவளராணி பின்பக்கமாகவே வந்தாள். படலையில் முதுகு முட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள். மணல் சுத்தமாக இருந்தது. அவள் அங்கே வந்த அடையாளமே இல்லை.

"இதென்ன வழக்கம் தம்பி" என்றாள். "வந்ததை ஏன் அழிக்கிறது?"

நிரோஜன் அந்தோனினாவைக் கேட்டான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள்.

திருநாள் முடிந்து மகள் வந்து அந்தோனினாவைக் கூட்டிப்போனாள். வீட்டைப் பூட்டமுதல் ஒரு கோப்பை தயிரை வாசலில் வைத்துவிட்டுப் போனாள் என்று தொனாத்ஸ் சொன்னார். மழைக்காலம் வந்து வாராத மணலைக் கரைத்தது. பிறகு பனி விழுந்தது.

கடைசி ஓட்டத்துக்குப் போன தொனாத்ஸ் ஆளில்லாத ஊரில் இறங்கி, சுற்றிப் பார்த்து, நிரோஜனுக்கு ஒரு படம் அனுப்பினார். பனி என்கிற மணலை யாரும் வாரவேண்டியதில்லை. ஊர் முழுக்க அது தானாகவே வாரிக் கிடந்தது. சவக்காலையிலிருந்து அந்தோனினாவின் வாசல் வரைக்கும் தடம் வந்திருந்தது. இரண்டு காலும் செருப்பு. அளவு சரியாக இருந்தது போல. வாசல்படியில் செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து, ஓரமாக வைத்திருந்தான், எந்த வீட்டுக்குள்ளும் செருப்போடு போகாத வீட்டுப் பிள்ளை. கதவுக்கு முன்னால் இரண்டு வெறுங்காலும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன, குதிகால் ஆழமாக, கனநேரம் நின்றவனுடைய மாதிரி. கதவில் பூட்டு. செருப்பின் மேல் பனி மூடத் தொடங்கியிருந்தது.

நிரோஜன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். திரும்பிப் போன தடம் எங்கேயும் இல்லை.

அன்று பின்னேரம் பவளராணி போன் எடுத்தாள். கடையின் பின்பக்கச் சத்தம் கேட்டது.

"தம்பி, புதினம் ஏதும்?"

"ஒண்டுமில்லை அக்கா. பனிதான்."

"ம்." வெங்காயம் வெட்டுகிற சத்தம் வந்தது. "அம்மாவோட கதைச்சனான். வலியில அனுங்கிக்கொண்டு கிடக்கிறா. படலையையும் சாத்த விடுறா இல்லை, வீட்டுக் கதவையும் சாத்த விடுறா இல்லை. நாய் வந்து படுக்குது, மழை அடிக்குது, கேக்கிறாவே? அவன் வந்து வெளியில நிண்டாலும் எண்டு, திறந்தே கிடக்குது தம்பி."